சவுரிராயன் பார்த்துக் கொடுத்த மிஷின்

இடது கைக் கட்டைவிரல் நகத்தால் பச்சைப் பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார் சவுரிராயன். அரிசி அளவுக்கு இரும்பு தெரிந்தது. அந்த இடத்தில் மூக்கை வைத்து முகர்ந்தார். பிறகு நுனி நாக்கால் தொட்டுப் பார்த்தார். எண்ணெய் ஆலைக்கு எஞ்சின் வாங்க வந்திருந்தவர் முகத்தைச் சுளித்தார்.

"இன்னா மேஸ்திரி, வெல்லமா அது?"

"வெல்லமா இருந்தா பரவால்லையே. உப்புக் கரிக்குதுங்க. கடத்தண்ணியில கெடந்த மிஷினு. மேல பெயிண்ட் அடிச்சி இட்டாந்து நிறுத்திட்டான். வாங்க, போலாம்."

விற்கிறவன் பின்னாலேயே ஓடி வந்தான். சவுரிராயன் திரும்பிப் பார்க்கவில்லை.

விழுப்புரம் ஜங்ஷனில் கூட்ஸ் குமாஸ்தாவாக இருக்கிற எனக்கு அவர் பழக்கமானது இப்படித்தான். யுத்தம் முடிந்த கையோடு பட்டாளத்தார் கழித்துப் போட்ட சாமான்கள் வாகன் வாகனாக வந்து இறங்கத் தொடங்கின. எஞ்சின் இல்லாத லாரி, லாரி இல்லாத எஞ்சின், பம்பு, கம்பிச் சுருள், பெயர் தெரியாத பெட்டிகள். வாங்குகிறவர்களுக்கு எது எதற்கென்று தெரியாது. விற்கிறவர்களுக்கும் பாதிதான் தெரியும். அதனால் கண்டமங்கலத்திலிருந்து திண்டிவனம் வரைக்கும் யார் மிஷின் வாங்கினாலும் முதலில் விழுப்புரத்துக்கு வந்து சவுரிராயனை அழைத்துக்கொண்டு போவது வழக்கமாகிவிட்டது.

ஐம்பதை எட்டும் வயது. கழுத்து வரை பொத்தான் போட்ட காக்கிக் கோட்டு. உள்ளே சட்டை கிடையாது. கறுப்புக் கயிற்றில் மாதா சுரூபம். ரயில்வே எஞ்சின் ஷெட்டில் வெல்டராக நெருப்புக்குப் பக்கத்திலேயே காலம் தள்ளியதில் இமை முடிகள் உதிர்ந்துபோய்விட்டன. அதனால் அவர் எதைப் பார்த்தாலும் திகைத்துப்போய்ப் பார்ப்பது போலத் தோன்றும். கண்ணில் நீர் வடிவது நிற்காததால் ஷெட்டில் வேலை போயிற்று. அதற்குப் பிறகுதான் இந்தப் பார்த்துக் கொடுக்கும் உத்தியோகம்.

கமிஷன் வாங்க மாட்டார். பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்து இடமும், கோட்டுப் பை நிறைய, இந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்கிற வறுத்த வேர்க்கடலையும் கிடைத்தால் போதும். திண்டிவனத்தில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் விருத்தாசலம், இவருக்கென்று தனியாக ஓர் அலுமினிய டம்ளர் வைத்திருப்பார். அதில் காபி வரும். சவுரிராயன் அதைத் தொடமாட்டார். "வேலை முடியட்டுங்க" என்பார். வேலை முடிந்ததும், "நேரமாச்சுங்க" என்பார். அவர் பார்த்துச் சொன்ன மிஷின் பழுதானது என்று யாரும் திரும்பி வந்ததில்லை. அதில் அவருக்கு உள்ளூரப் பெருமை உண்டு. பஸ் ஸ்டாண்டில் தெரிந்தவர்கள் யாராவது, "மேஸ்திரி பார்த்துக் குடுத்த பம்பு அடி பின்னுதுங்க" என்றால், காது கேளாதவர் போல இன்னொரு தடவை சொல்ல வைப்பார்.

நாற்பத்தாறாம் வருஷம் கோடையில் திண்டிவனம் சிக்கந்தர் பாட்சா அவரைத் தேடி வந்தார். பூர்வீகம் கோட்டக்குப்பம், திண்டிவனத்தில் பஸ் பட்டறை வைத்திருந்தார். பெட்ரோல் ரேஷன் காலமாகையால் பஸ்களெல்லாம் பின்னால் கரியடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தன. அந்த அடுப்புகள் வாரத்துக்கொரு முறை விரிசல் விடும். விரிசலை ஒட்ட வேண்டும். அதற்குப் பாய்க்கு ஒரு வெல்டிங் மிஷின் தேவைப்பட்டது. அன்றைக்கு எனக்கு லீவு. வேடிக்கை பார்க்க நானும் கூடப் போனேன்.

விருத்தாசலம் கடையில் மூன்று மிஷின்கள் இருந்தன. ஒன்று கரண்டில் வேலை செய்வது. ஒன்று தானே எஞ்சின் வைத்துக்கொண்டு கரண்டு உண்டாக்கிக்கொள்வது. சக்கரம் வைத்து யானைக்குட்டி மாதிரி நின்றது. மூன்றாவது கார்பைடு பீப்பாய். உள்ளே கல்லும் தண்ணீரும் சேர்ந்து காஸ் உண்டாகும். அதைக் குழாய் வழியாகக் கொண்டுவந்து பிராணவாயுவோடு சேர்த்துக் கொளுத்த வேண்டும். சிக்கந்தர் பாட்சாவுக்கு யானைக்குட்டியின் மேல்தான் ஆசை. சவுரிராயன் மிஷின்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மொதல்ல இத்தச் சொல்லுங்க பாய். ஊட்டாண்டையே வச்சிக்கினு வேலை செய்யப் போறீங்களா, வெளியில எடுத்துக்கினு போவணுமா?"

"ரெண்டும்தான் மேஸ்திரி. பஸ்ஸு வேலை இங்க. வானூர் பக்கம் கெணத்துக்கெல்லாம் பம்பு மாட்றாங்க. அங்க பைப்பு ஒட்டித் தரணும். தம்பி வண்டி கட்டிக்கினு போவான்."

தம்பி அமீருதீன் அருகில் நின்று சிரித்தான். இருபத்தைந்து வயது இருக்கும். காதில் அணைந்த பீடி.

"அப்போ கரண்டு மிஷினு ஆவாது. ஒங்க ஊரு கரண்டு வெளக்கு எரியறதுக்கே மூச்சு வாங்குது. வானூர்ல அதுவும் கெடையாது. இந்தப் பெரிசு எங்க வேணாலும் வேலை செய்யும். ஆனா அது குடிக்கிற பெட்ரோலுக்கு நீங்க பஸ்ஸையே ஓட்டிடலாம். ஒங்களுக்குப் பீப்பாதான். மாட்டு வண்டியில ஏத்தினா கெணத்து மோட்டுக்கே போவும்."

கடை வாசலில் அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. சவுரிராயன் மிஷின் பார்ப்பதை வித்தை பார்ப்பது போலப் பார்ப்பார்கள். பீப்பாயைச் சுற்றி வந்தார். நெருப்பு உள்ளே திரும்பாமல் தடுக்கும் தண்ணீர்ப் பூட்டைத் திறந்து மூடினார். காஸ் போகும் நான்கு குழாய்கள் இருந்தன. எல்லாவற்றுக்கும் ஒரே பச்சைப் பெயிண்ட்.

"இந்தக் காஸு செம்பைத் தொடக் கூடாது பாய். தொட்டா உள்ள ஒரு பொடி படியும். ஈரமா இருக்கிற வரைக்கும் சும்மா இருக்கும். காஞ்சிப் போச்சுன்னா, ஒரு தட்டுத் தட்டினாப் போதும், பீப்பாயே வெடிச்சிப்புடும்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, முதல் குழாயைச் சுரண்டினார். இரும்பு. இரண்டாவது, இரும்பு. மூன்றாவதும் இரும்பு. கூட்டத்தில் யாரோ, "அந்த நெகம் ஒண்ணு போதும்யா மனுசனுக்கு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். சவுரிராயன் முகத்தில் ரத்தம் ஏறியது. நான்காவது குழாய் பீப்பாய்க்குப் பின்னால், சுவரோரம் இருந்தது. அவர் எழுந்து கையைத் தட்டிக்கொண்டார்.

"எல்லாம் இரும்புதான். ஏத்திக்கினு போங்க."

பீப்பாய் நன்றாகவே வேலை செய்தது. வானூர்க் கிணறுகளில் அமீருதீன் ஒட்டிய குழாய்களில் சொட்டுத் தண்ணீர் ஒழுகவில்லை என்று பேச்சு. பிறகு நோன்பு மாதம் வந்தது. அதே சமயத்தில் பட்டணத்திலிருந்து பிராணவாயு சிலிண்டரும் வராமல் நின்றுபோயிற்று. பட்டறையில் பீப்பாயைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டார்கள்.

பெருநாள் கழிந்து, சிலிண்டரும் வந்து சேர்ந்த சில நாளில் சவுரிராயனும் நானும் திண்டிவனத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிக்கொண்டிருந்தோம். மல்லாட்டை உடைக்கும் மிஷின் ஒன்றைப் பார்க்க யாரோ கூப்பிட்டிருந்தார்கள். ஒரு கால் படியில், ஒரு கால் தரையில் இருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. இடி என்றுதான் நினைத்தேன். வானம் வெறிச்சென்று வெளுத்திருந்தது. ஒரு தகரம் காற்றில் சுழன்றபடி மேலே போவதைப் பார்த்தேன். அது கீழே வர வெகு நேரம் பிடித்தது.

பட்டறையின் ஒரு பக்கச் சுவர் இல்லை. அமீருதீன் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். இடது கையைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அதில் மூன்று விரல்கள் இல்லை. இரண்டு காதுகளிலிருந்தும் ரத்தம் இறங்கிச் சட்டையை நனைத்திருந்தது. சிக்கந்தர் பாட்சா தம்பியைக் கட்டிக்கொண்டு கதறினார். சுற்றி நின்றவர்களெல்லாம் கூச்சல் போட்டார்கள். அமீருதீன் எங்கள் வாய்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"ஏன் யாருமே பேச மாட்டேன்றீங்க?" என்று கேட்டான்.



கரி பஸ்ஸைக் கொளுத்திக் கிளப்ப நேரமாகும். மல்லாட்டை மூட்டை ஏற்றி வந்த லாரியை மறித்து, மூட்டைகள் மேலேயே அவனைக் கிடத்திப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். பிரெஞ்சு எல்லையில் சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரன் மூட்டைகளைக் குத்திப் பார்க்கக் கம்பியோடு வந்தானாம். மேலே எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் தடுப்புக் கட்டையைத் தூக்கிவிட்டானாம்.

பீடி என்ற பேச்சை முதலில் எடுத்தவர் விருத்தாசலம். "வாயில பீடியை வச்சிக்கினு பீப்பாகிட்டப் போனா வெடிக்காம கொஞ்சுமா?" என்றார். ஊர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. அமீருதீன் பீடி குடிப்பவன்தான், எல்லோருக்கும் தெரியும். போலீஸாரும் அப்படியே முடித்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அமீருதீனுக்குக் காது அறவே போய்விட்டது. அன்று நடந்ததில் ஒன்றும் நினைவில்லை. பீடி பற்றவைக்கும் பாவனையை ஜனங்கள் செய்து காட்டக் காட்ட, தான்தான் செய்திருக்க வேண்டும் என்று அவனும் நம்பிவிட்டான்.

வெடித்த மறுநாள் சவுரிராயன் இடிபாட்டில் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். சுண்ணாம்புக்குள்ளிருந்து வளைந்துபோன ஒரு குழாயை எடுத்தார். பெயிண்ட் கருகி உதிர்ந்திருந்தது. கோட்டு நுனியால் துடைத்தார். சிவப்பாக மின்னிற்று. பழைய குழாய் ஒழுகியதால் யாரோ எப்போதோ மாற்றி வைத்திருக்க வேண்டும். காய்ந்து கிடந்த அதில் கார்பைடு கல் விட்ட சுண்ணாம்பு அடைத்திருக்கும். மறுபடி காஸ் ஏற்றியபோது அடைப்பை எடுக்க அமீருதீன் தட்டியிருப்பான்.

"செம்பு சார்" என்றார். குழாயைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு ரயிலேறிவிட்டார்.

நானும் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது அவர்தான் என்று நினைத்தேன். வாரங்கள் ஓடின. ஒரு நாள் அவர் மனைவி லூர்துமேரி கூட்ஸ் ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள்.

"சோறு எறங்க மாட்டேங்குது சார் அவருக்கு. கோட்டுப் பையில இன்னாவோ வச்சிக்கினு தடவிக்கினே கெடக்குறாரு. திருட்டு சாமானான்னு கேட்டா, அழுவுறாரு. நேத்து மாதா கோயில்ல பாவத்தைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாரு. சாமியாரு இன்னா சொன்னாரோ, விடிஞ்சதுலேர்ந்து கோட்டை மாட்டிக்கினு நிக்கிறாரு. திண்டிவனம் போவணுமாம். நீங்க கூடப் போங்க சார். எனக்குப் பயமா இருக்குது."

சிக்கந்தர் பாட்சாவின் வீட்டில் நாங்கள் போனபோது பெரியவர்கள் இரண்டொருவர் உட்கார்ந்திருந்தார்கள். அமீருதீன் கூடத்து மூலையில் சுவரைப் பார்த்தபடி இருந்தான். வெடித்த நாளிலிருந்து அண்ணன் அவனோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். சவுரிராயன் உட்காரவில்லை. குழாயை எடுத்துப் பாயின் கையில் கொடுத்தார்.

"பாய், ஒங்க தம்பி பீடியால இது வெடிக்கல. இது செம்புக் கொழா. நாலுல மூணைத்தான் சொரண்டினேன். நாலாவதைச் சொரண்டல. கூட்டம் பார்த்துக்கினு இருந்துது, எனக்குப் பெருமையா இருந்துது. சொரண்டாமலே இரும்புன்னு சொல்லிட்டேன்."

பாய் அவர் கன்னத்தில் விட்ட அறையின் சத்தத்தில் உள்ளே ஏதோ பாத்திரம் கீழே விழுந்தது. சவுரிராயன் கன்னத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அடித்த கையைத் தானே பார்த்துக்கொண்டு நின்றார் சிக்கந்தர் பாட்சா.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"வெளியில யாருக்கும் தெரியாதுங்க."

"அப்புறம் எதுக்குய்யா வந்து சொன்னே?"

சவுரிராயன் மூலையில் இருந்த அமீருதீனைப் பார்த்தார்.

அப்போதுதான் திரை விலகியது. அந்நிய ஆண்கள் முன்னால் ஒரு நாளும் வந்திராத சபியா பீவி, அமீருதீனின் மனைவி, நேரே நடந்து வந்து அத்தனை பேருக்கும் நடுவில் கணவனின் அண்ணன் கையிலிருந்த குழாயைப் பிடுங்கினாள். பெரியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவள் கணவன் எதிரே மண்டியிட்டாள். பீடி பற்றவைப்பது போலச் செய்து, "இல்லை, இல்லை" என்று கையை வீசினாள். குழாயை அவன் கண்ணுக்கு நேரே பிடித்துச் சுவரில் ஒரு தட்டுத் தட்டினாள். இரண்டு கைகளையும் மேலே விரித்து வெடித்துக் காட்டினாள்.

அவன் குழாயைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். நிமிர்ந்து சவுரிராயனைப் பார்த்தான். அவர் தம் நெஞ்சில் விரலை வைத்துக் காட்டினார்.

பாய்ந்து அவர் கழுத்தை நெரிக்கப் போகிறான் என்றே நினைத்தேன். அமீருதீன் சிரித்தான். சிரித்துக்கொண்டே எழுந்தான். தன் குரல் எவ்வளவு உயர்கிறது என்று தெரியாமல், "நான் இல்ல! அண்ணே, நான் இல்ல!" என்று கத்தினான். குழாயை உயர்த்திப் பிடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடினான். கடைக்காரர்களிடம், வண்டிக்காரர்களிடம், எதிரே வந்த எல்லோரிடமும் காட்டினான். "நான் இல்ல, நான் இல்ல!" விரல் போன கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தான்.

அறையை வாங்கிக்கொண்டு அசையாமல் நின்ற சவுரிராயன் அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவரைத் தூக்கி நிறுத்தி ரயிலடிக்கு அழைத்து வருவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

அதற்குப் பிறகு மிஷின் பார்க்க அவரை யாரும் கூப்பிடவில்லை. விருத்தாசலம், குழாயை மாற்றியது யாரென்று தனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு வேறு ஊருக்குச் சரக்கு அனுப்ப ஆரம்பித்தார். விழுப்புரத்திலும், "அந்த ஆளு பார்த்த மிஷினா? வேணாம் சாமி" என்றார்கள். மறைத்து வைத்திருந்தால் மேஸ்திரியாகவே இருந்திருப்பார் என்று என்னிடமே சிலர் வருத்தப்பட்டார்கள். சவுரிராயன் கட்டைவிரல் நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டார். மார்க்கெட் ஓரத்தில் உட்கார்ந்து குடத்துக்கும் லாந்தருக்கும் ஈயம் வைத்துப் பிழைத்தார்.

போன மாதம் திண்டிவனத்துப் பட்டறைக்குக் கெட்டியான மின்சாரக் கம்பி வந்தது. இனிமேல் காஸ் பீப்பாயே வேண்டாம், கரண்டு மிஷின் வாங்கலாம் என்று சிக்கந்தர் பாட்சா முடிவு செய்து, விழுப்புரம் மாரியப்பன் கடைக்குத் தம்பியோடு வந்தார். கடைக்குள் நுழைவதற்கு முன்பே அமீருதீன் அண்ணனை விட்டுவிட்டு மார்க்கெட்டுக்குப் போனான். ஈயம் உருக்கிக்கொண்டிருந்த சவுரிராயனின் கையைப் பிடித்து இழுத்தான்.

"வேணாம் தம்பி. வேற ஆளை இட்டுக்கினு போ. நான் வரல."

அவன் காதில் எதுவும் விழவில்லை. காது கேளாதவனிடம் எத்தனை தடவை மறுப்பது? அவர் அவன் பின்னால் நடந்தார். நானும் விவரம் கேள்விப்பட்டு ஓடினேன்.

சிக்கந்தர் பாட்சா கடையின் மறு கோடியில் கைகட்டி நின்றார். அவர் சவுரிராயனோடு பேசவில்லை; போகச் சொல்லவும் இல்லை. சவுரிராயன் திருப்புளி கேட்டு வாங்கினார். மூடியைக் கழற்றினார். சுருளை, கம்பிகளை, ஒவ்வொரு திருகாணியையும் தொட்டுப் பார்த்தார். சுவரோரம் இருந்த பாகத்தைப் பார்ப்பதற்காக மிஷினையே நான்கு பேரை வைத்து நகர்த்தச் சொன்னார். மாரியப்பன் பொறுமை இழந்து, "ஜல்தியா முடிங்க மேஸ்திரி" என்றார். அவர் காதில் வாங்கவில்லை. கரண்டு கசிந்தால் மண்ணுக்குள் இறக்கிவிடும் தரைக்கம்பியைத் தாமே பள்ளம் தோண்டிப் புதைத்தார். மறுபடி மூடியைக் கழற்றி ஆரம்பத்திலிருந்து பார்த்தார். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் சலித்துப்போய்க் கலைந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரமும் கடந்துபோயிற்று.

கடைசியில் இரண்டு இரும்புத் துண்டுகளைத் தரையில் வைத்து, வெல்டிங் கம்பியை இடுக்கியில் மாட்டினார்.

"எல்லாரும் செவுத்துக்கு அந்தாண்ட போயிடுங்க. பாய், நீங்களும்."

போனோம். அமீருதீன் போகவில்லை. சவுரிராயன் கையை வீசிக் காட்டினார். தோளைப் பிடித்துத் தள்ளினார். அவன் நகரவில்லை. அவருக்குப் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்து இரும்புத் துண்டுகளைப் பார்த்தான்.

கடையில் கறுப்புக் கண்ணாடி வைத்த முகமூடி ஒன்றுதான் இருந்தது. அது சவுரிராயனின் தலையில் இருந்தது. அவர் அதைக் கழற்றினார். அமீருதீனின் தலையில் வைத்து, பட்டையை இறுக்கி, கண்ணாடியை அவன் முகத்தின்மேல் இறக்கிவிட்டார். பிறகு தம் முகத்தைத் தோள் பக்கமாகத் திருப்பி, கண்களை இறுக மூடிக்கொண்டு, கம்பியை இரும்பின்மேல் உரசினார்.